கூடுகளின் கடற்கரை: மேய்ன் மாநிலத்தில் சிங்கி இறாலும் அதன் சட்டங்களும்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்கும் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்துக்கும் இடையே அமைந்த மேய்ன் மாநிலத்தின் கடற்கரையை நேர்கோட்டில் அளந்தால் நானூறு கிலோமீட்டருக்கும் குறைவாகவே வரும். பனியாறுகள் அரித்துப் போன குடாக்களையும் முனைகளையும் தீவுகளையும் சுற்றி அளந்தால் அந்த நீளம் ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. தெற்கு எல்லையில் உள்ள கிட்டரியிலிருந்து முதலாம் எண் நெடுஞ்சாலையில் வடகிழக்காகப் புறப்படும் பயணிக்கு முதலில் காணக் கிடைப்பது கடலில் கிடக்கும் கூடு அன்று, கரையேறி அலங்காரப் பொருளாகிவிட்ட கூடு. மரச்சட்டங்களை வளைத்துச் செய்த பழைய கூடுகள் உணவகங்களின் முற்றங்களில் பூந்தொட்டி தாங்கிகளாகவும், வண்ணம் பூசிய மிதவைகள் கடைகளின் வெளிச்சுவர்களில் தோரணங்களாகவும் தொங்குகின்றன. உயிருள்ள தொழில் சாலையிலிருந்து விலகி, ஒவ்வொரு முனையின் கடைக்கோடியிலும் உள்ள சிறு துறைகளில் நடக்கிறது. அங்கே கரைக்கு மிக அருகிலிருந்தே தொடங்கி, கண்ணுக்கெட்டும் தொலைவு வரை வண்ண மிதவைகள் நீரில் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மிதவைக்கும் கீழே ஒரு கயிறும், அந்தக் கயிற்றின் அடியில் ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ கூடுகளும் உண்டு. மிதவையின் வண்ணக் கலவை உரிமம் பெற்றவரின் அடையாளமாகப் பதிவு செய்யப்பட்டது. அதே வண்ணங்களை அவர் தம் படகிலும் காட்டியாக வேண்டும்.

இக்கூடுகள் பிடிக்கும் உயிர், தமிழகக் கரையோரத்தில் சிங்கி இறால் எனப்படுவதற்கு உறவானது என்றாலும் அதுவே அன்று. மன்னார் வளைகுடாவின் சிங்கிக்கு நீண்ட உணர்கொம்புகளும் முள்ளடர்ந்த ஓடும் உண்டு, கொடுக்குகள் கிடையா. வட அட்லாண்டிக்கின் குளிர்நீர்ச் சிங்கிக்கோ இரண்டு பெருங்கொடுக்குகள் உண்டு, ஒன்று நொறுக்குவதற்கு, மற்றொன்று வெட்டுவதற்கு. அது விற்பனைக்குரிய அளவை எட்டுவதற்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். கூட்டின் தத்துவம் மட்டும் இரு கடல்களிலும் ஒன்றுதான்: கீழக்கரைப் பக்கத்து மீனவர்கள் பாறைகளுக்கிடையே இறக்கும் மீன்கூட்டைப் போலவே, அகன்ற வாயில் தொடங்கிக் குறுகி முடியும் புனல்வழி உள்ளே செல்வதை எளிதாக்கி வெளியேறுவதை அரிதாக்குகிறது. மேய்ன் கூடு இன்று நெகிழி பூசிய கம்பி வலையால் ஆனது. 1970-களிலும் 1980-களிலும் அது மரக்கூட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் உட்புறம் இரு அறைகளாகப் பிரிந்திருக்கும். இரைப்பை தொங்கும் முன்னறையை மீனவர்கள் சமையலறை என்றும், தின்று முடித்த சிங்கி வெளிவழி தேடிச் சென்று அடைபடும் பின்னறையைக் கூடம் என்றும் அழைக்கின்றனர். பின்னறையின் சுவரில் சட்டப்படி ஒரு சிறு திறப்பு இருந்தாக வேண்டும். குறையளவுச் சிங்கிகள் அதன் வழியே தாமாகவே வெளியேறிவிடுவதால், அவற்றை மேலே இழுத்து, அளந்து, திருப்பி எறியும் வேலையும், அந்த வேலையில் முறியும் கொடுக்குகளும் குறைகின்றன. மேலும் ஒரு பலகம், அரித்துப் போகக்கூடிய பொருளால் கட்டப்பட்டிருக்க வேண்டும். புயலிலோ கப்பலின் சுழல்விசிறியிலோ மிதவை அறுந்து போனால் கூடு உரியவரின்றிக் கடலடியில் கிடந்து பிடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே செத்தது அடுத்து வருவதற்கு இரையாகும். பேய்ப்பிடிப்பு எனப்படும் இந்தக் கேட்டைச் சில காலத்தில் தானே திறந்துகொள்ளும் அப்பலகம் முடித்துவைக்கிறது. கூட்டைப் பற்றிய சட்டங்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுவனவும் மிக நன்றாக வேலை செய்வனவும் இவ்விரு ஓட்டைகளே என்று கருதுவதற்கு இடமுண்டு. கண்காணிக்க அதிகாரி இல்லாத இடத்திலும், இரவிலும், மூடுபனியிலும் அவை தம் கடமையைச் செய்கின்றன.

போர்ட்லண்டைக் கடந்து பூத்பே துறைமுகப் பகுதிக்கு வரும்போது மாநிலக் கடல்வளத் துறையின் ஆய்வுக்கூடமும், சற்று உள்ளே தாமரிஸ்கோட்டா ஆற்றங்கரையில் மேய்ன் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையமும் எதிர்ப்படுகின்றன. கூட்டின் எண்ணிக்கைக்கு வரம்பிடுவது எந்த அளவுக்குப் பொருளுடையது என்ற கேள்விக்கு வியப்பான விடை வந்ததோ அண்டை மாநிலத்திலிருந்து. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட்டின் மேல் ஒளிப்படக் கருவியைப் பொருத்திக் கடலடியில் இறக்கிப் பதிவு செய்தபோது, உள்ளே நுழைந்த சிங்கிகளுள் நூற்றுக்கு 94 திரும்ப வெளியேறிவிட்டதைக் கண்டனர். 2001-இல் அந்த முடிவு வெளியாயிற்று. நுழைந்த வழியாகவே பல வெளியே போயின; உள்ளிருந்த ஒன்று, வாயிலுக்கு வந்த மற்றொன்றைத் துரத்தியதும் உண்டு. அப்படியானால் இது கண்ணி என்பதைவிட அன்னசத்திரம் என்பதற்கே நெருக்கமானது: ஆண்டுதோறும் டன் கணக்கில் ஹெர்ரிங் போன்ற இரைமீன் கூடுகள் வழியே கடலடிக்குப் போய்ச் சேர்கிறது, உண்டு சென்றவை பல, சிக்கியவை சில. எனவே கூடு ஒன்றுக்கு இத்தனை சிங்கி என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது. கூடுகளைப் பாதியாகக் குறைத்தால் பிடிப்பும் பாதியாகிவிடும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

மேய்னில் இனத்தைக் காக்கும் சுமையைக் கூட்டின் எண்ணிக்கை மீது ஏற்றாமல் மீனவரின் கையிலிருக்கும் அளவுகோலின் மீது ஏற்றியிருப்பதன் நியாயம் இதிலிருந்து விளங்கும். கண்குழியிலிருந்து முதுகோட்டின் பின்விளிம்பு வரை மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்ததும் ஐந்து அங்குலத்துக்கு மேற்பட்டதும் கடலுக்கே திரும்ப வேண்டும். கீழ்வரம்பும் மேல்வரம்பும் ஆகிய இந்த இரட்டை அளவு முறை 1933-இல் சட்டமாயிற்று. பெரிய தாய்ச்சிங்கி சிறியதைவிடப் பன்மடங்கு முட்டையிடும் என்பதே மேல்வரம்பின் காரணம். முட்டை தாங்கிய பெண்சிங்கியைப் பிடித்து வைத்துக்கொள்வதை மாநிலம் 1872-லேயே தடை செய்தது. அதற்கும் மேலாக, அத்தகைய பெண்சிங்கி கூட்டில் வந்தால் மீனவர் அதன் வால்மடல் ஒன்றில் கூர்ங்கோண வெட்டு ஒன்றை இட்டு விடுவிக்கிறார். அந்த வெட்டு உள்ள சிங்கியை, முட்டை இல்லாத காலத்திலும், வேறு எவரும் வைத்துக்கொள்ள முடியாது. 1917-இல் மாநில அரசு முட்டைச்சிங்கிகளை விலைக்கு வாங்கி வாலில் துளையிட்டு விட்டதிலிருந்து வளர்ந்த வழக்கம் இது; வெட்டு இடுவது நெடுங்காலம் மீனவரின் விருப்பமாகவே இருந்தது, இட்ட வெட்டை மதிப்பதோ சட்டம். முன்பின் அறியாத ஒருவர் என்றோ இட்ட அடையாளத்தைப் பார்த்து, கையிலிருக்கும் காசை மற்றொருவர் கடலில் எறிகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், எந்தக் காவல் படகாலும் இதைச் சாதித்திருக்க இயலாது என்பது புலனாகும்.

சிங்கியைப் பிடிக்க மேய்ன் கடலில் கூடு ஒன்றே அனுமதிக்கப்பட்ட கருவி. இழுவலையால் வாருவதும் மூழ்கிக் கையால் பிடிப்பதும் குற்றம். பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவருக்கும் இதுவே விதி. மாநிலத்தில் வசிப்பவர் வணிகம் சாராத உரிமம் ஒன்றைப் பெற்று ஐந்து கூடுகள் வரை இறக்கலாம். அதற்கு முன் அளவு, அடையாள வெட்டு, கட்டுப்பாட்டு நேரம் ஆகியன குறித்த எழுத்துத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். பிடித்ததை வீட்டில் உண்ணலாம், விற்கக் கூடாது. வணிக மீனவருக்குரிய அளவுகளும் திறப்பும் அரிக்கும் பலகமும் அவருக்கும் அப்படியே பொருந்தும். நியூ ஹாம்ப்ஷயருக்குத் தெற்கே உள்ள மாசசூசெட்ஸில் பொழுதுபோக்கு உரிமத்துக்குப் பத்துக் கூடுகளும் நாளொன்றுக்குப் பதினைந்து சிங்கிகளும் வரம்பு. ஐந்து கூடு இறக்குபவரால் சிங்கி இனத்துக்கு ஆபத்து எதுவும் வந்துவிடப் போவதில்லை. ஆயினும் விற்பனைத் தடை இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தில் நால்வர் நான்கு உரிமம் எடுத்து இருபது கூட்டுத் தொழில் ஒன்றை நடத்திவிடுவர் என்பதைச் சட்டம் முன்னரே கண்டுகொண்டிருக்கிறது. பொழுதுபோக்குப் பிடிப்பில் எண்ணிக்கை வரம்பு காப்பது உயிரினத்தை அன்று; பிடிப்பின் நோக்கத்தையே அது காக்கிறது.

போர்ட் கிளைட் என்ற முனைக்கோடித் துறையிலிருந்து படகேறினால், பதினாறு கிலோமீட்டர் தொலைவில் மொஹீகன் தீவு. ஓவியர்களால் பெயர் பெற்ற இடம். எட்வர்டு ஹாப்பரும் ராக்வெல் கென்ட்டும் அதன் பாறைகளை வரைந்தவர்கள். ஆண்டு முழுதும் தங்கியிருப்போர் நூற்றுவர்கூட இல்லாத இத்தீவு, கூட்டுச் சட்டத்தின் வரலாற்றில் தன் அளவுக்கு மீறிய இடத்தைப் பெற்றிருக்கிறது. கடற்கரை முழுவதும் கோடையில் கூடு இறக்கிக்கொண்டிருக்க, மொஹீகன் மீனவர்கள் கோடையில் தம் கடலை மூடிவைத்துக் குளிர்காலத்தில் மட்டும் பிடித்தனர். 1907-இல் அந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்தது. ஓடு கழற்றிய மென்மையான கோடைச் சிங்கியைவிட ஓடு இறுகிய குளிர்காலச் சிங்கிக்கு விலை மிகுதி என்பதும் இதில் ஒரு காரணம். பருவம் திறக்கும் நாளில் எல்லாப் படகுகளும் ஒருசேரவே கூடுகளை இறக்கும். ஒருவரின் படகு பழுதாகியிருந்தாலோ ஒருவர் நோயுற்றிருந்தாலோ மற்றவர்கள் காத்திருப்பது தீவின் வழக்கம். 1990-களில் எதிர்க்கரை ஊரான பிரண்ட்ஷிப்பின் மீனவர்கள் சிலர் இந்த நீர்ப்பரப்பில் தங்களுக்கும் உரிமை உண்டு என்று வந்தபோது, ஊர் வழக்கம் போதாமற்போயிற்று. தீவினர் தலைநகர் அகஸ்டாவுக்குச் சென்று முறையிட்டதன் விளைவாக 1998-இல் தீவைச் சுற்றிய கடல் தனிப் பாதுகாப்புப் பகுதியாகச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. அங்கே ஒருவருக்குரிய கூட்டு வரம்பும் கரையோர வரம்பைவிடக் குறைவு.

எழுதப்படாத எல்லைகள் மொஹீகனுக்கு மட்டும் உரியவை அல்ல. மேய்ன் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜேம்ஸ் அச்செசன் 1988-இல் வெளியிட்ட நூலில் விவரித்தபடி, ஒவ்வொரு துறைக்கும் அதன் மீனவர் குழு காத்துவரும் கடற்பகுதி உண்டு. எல்லை மீறி இறக்கப்பட்ட கூட்டின் மிதவைக் கம்பில் கயிற்றால் இரண்டு முடிச்சுகள் இடுவது எச்சரிக்கை. அதற்கும் மசியாதவரின் கயிறு அறுக்கப்படும். சட்டத்தின் பார்வையில் இது கடுங்குற்றம், பிறர் கூட்டைத் தொட்டவர் உரிமத்தையே இழக்க நேரிடும். ஆனாலும் இத்தகைய குழுக் கட்டுப்பாடே கடலை யாரும் வாரிக்கொள்ளும் பொதுநிலமாகாமல் தடுத்தது என்பதை எலினார் ஆஸ்ட்ரம் போன்ற அரசியல் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறைகள் குறித்த ஆய்வுக்காக அவர் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். கயிறு அறுப்பதைப் புகழ வேண்டியதில்லை. வன்முறை வெடித்த துறைகளும் இருந்தன. ஆனால் சட்டம் வந்தபோது வெற்றிடத்தில் வரவில்லை, ஏற்கெனவே எல்லை வகுத்துக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் மேல் வந்து அமர்ந்தது என்பதை மறப்பதற்கில்லை.

ராக்லண்டில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் சிங்கித் திருவிழாவைப் பற்றிச் சுற்றுலா வழிகாட்டிகள் போதிய அளவு எழுதிவிட்டன. அங்கிருந்து பெனாப்ஸ்கட் விரிகுடாவைச் சுற்றி, 1939-இல் திறக்கப்பட்ட குறுகிய தொங்குபாலத்தைக் கடந்தால் டியர் ஐல் தீவும், அதன் தென்முனையில் ஸ்டோனிங்டனும் வருகின்றன. நியூயார்க் நகரின் கட்டடங்களுக்குக் கருங்கல் வெட்டி அனுப்பிய இவ்வூர் இன்று மாநிலத்தின் தலையாய சிங்கித் துறை. மாலையில் கூட்டுறவுச் சங்கத்தின் துறைமேடையில் படகுகள் வரிசையாக நின்று பிடிப்பை இறக்குகின்றன. 1995-இல் இயற்றப்பட்ட வட்டாரச் சட்டத்தின் உண்மையான பொருளை இங்கேதான் நேரில் காண முடியும். அச்சட்டம் கடற்கரையை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மீனவர்களே தேர்ந்தெடுக்கும் அவை ஒன்றை அமைத்தது. ஒருவருக்கு எத்தனை கூடு, ஒரு கயிற்றில் எத்தனை கூடு, நாளின் எந்த நேரத்தில் பிடிப்பது ஆகிய மூன்றிலும் வட்டாரத்து மீனவர்கள் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் விதி செய்துகொள்ளலாம். மாநிலம் முழுமைக்கும் உச்ச வரம்பு ஒருவருக்கு 800 கூடுகள் என்றாயிற்று. ஒவ்வொரு கூட்டிலும் அவ்வாண்டுக்குரிய எண்ணிட்ட பட்டை கட்டப்பட்டிருக்க வேண்டும். பின்னர்ப் புதியவர் நுழைவுக்கும் வட்டாரங்கள் கதவடைத்தன: பயிற்சி மீனவராக ஈராண்டு உழைத்தவரும், முதியவர்கள் உரிமத்தைக் கைவிடும் வரை காத்திருப்போர் பட்டியலில் நிற்க வேண்டும், சில வட்டாரங்களில் அந்தக் காத்திருப்பு பத்தாண்டையும் கடக்கிறது. பள்ளிப் பருவத்திலேயே மாணவர் உரிமம் பெற்று 150 கூடுகள் வரை இறக்கியவர்களுக்கு மட்டும் வேறு வழி உண்டு.

எண்ணூறு என்ற இந்த வரம்பு முதலில் செய்தது எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. ஆயிரத்துக்கு மேல் வைத்திருந்த பெருமீனவர் குறைத்துக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் நானூறும் ஐந்நூறும் கொண்டு நிறைவாக வாழ்ந்த பலர், வரம்பு என்ற ஒன்று வந்தபின் அதையே உரிமையாகக் கருதி எண்ணூறு வரை ஏற்றிக்கொண்டனர். மொத்தக் கூடுகள் குறையவில்லை. ஏறக்குறைய முப்பது இலட்சம் பட்டைகள் வழங்கப்பட்ட ஆண்டுகள் பின்னர் வந்தன. ஆகவே எண்ணூறு என்பதைச் சிங்கியைக் காக்கும் சட்டமாகப் படிப்பவர் ஏமாறுவார். அது மனிதர்களுக்கிடையே பங்கு பிரிக்கும் சட்டம்; பெரும் மூலதனம் கொண்ட ஒருவர் மூவாயிரம் கூடுகளால் விரிகுடாவையே நிரப்பிவிடாமலும், படகு உரிமையாளரே படகோட்டும் தொழிலாக இது நீடிக்கவும் வழி செய்த சட்டம். ஸ்டோனிங்டனின் துறையில் நிறுவனப் பெயர் தாங்கிய கப்பல்கள் இன்றி, மனைவியின் பெயரையோ மகளின் பெயரையோ தாங்கிய படகுகளே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடுகளின் கணக்கு மீண்டும் கடுமையான கேள்வியானது சிங்கியின் பொருட்டன்று, திமிங்கிலத்தின் பொருட்டு. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் நானூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் இனம்; கப்பல் மோதலும் மீன்பிடிக் கயிறுகளில் சிக்குவதும் அதன் இறப்புக்குத் தலையாய காரணங்கள். கூடு கடலடியில் கிடக்கிறது, திமிங்கிலத்தைத் துன்புறுத்துவது அதிலிருந்து மிதவைக்கு நிமிர்ந்து நிற்கும் கயிறு. 2021-இல் கூட்டரசு வகுத்த விதிகள் ஒரு கயிற்றுக்குரிய கூடுகளைக் கூட்டி, கயிறுகளின் எண்ணிக்கையைக் குறைத்தன. குறிப்பிட்ட இழுவிசைக்கு மேல் அறுந்துவிடும் மெலிந்த இணைப்புகளைக் கட்டாயமாக்கின. மேய்ன் கயிறுகளுக்கு ஊதா நிற அடையாளம் விதிக்கப்பட்டது. தங்கள் கயிற்றால் ரைட் திமிங்கிலம் எதுவும் இறந்ததாகச் சான்று இல்லை என்பது மேய்ன் மீனவர்களின் நெடுநாள் வாதம். 2024 சனவரியில் மாசசூசெட்ஸின் மார்தாஸ் வின்யார்டு தீவில் ஒதுங்கிய இளம் பெண் திமிங்கிலத்தின் வாலை இறுக்கியிருந்த கயிற்றில் அந்த ஊதா நிறம் காணப்பட்டபோது வாதம் முடிவுக்கு வந்தது. அடையாளம் இடும் விதி தான் செய்ய வேண்டியதைச் செய்தது. இதற்கிடையே 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிதிச் சட்டம் ஒன்றின் வழியே, மேலும் புதிய கட்டுப்பாடுகளை 2028-இன் இறுதி வரை நிறுத்திவைத்திருந்தது. படகில் இருந்தவாறே ஒலி அலையால் அழைத்தால் மிதவையை மேலே அனுப்பும் கயிறில்லாக் கூடுகள் சோதனையில் உள்ளன. அவற்றின் விலை ஒருபுறமிருக்க, மிதவை கண்ணில் படாத கடலில் ஒருவர் கூட்டின் மேல் மற்றவர் இறக்கிவிடுவதை எப்படித் தடுப்பது என்பது சிறிய கேள்வி அன்று. இக்கரையின் எல்லைகள் அனைத்தும் வண்ண மிதவைகளால் வரையப்பட்டவை.

ஜோன்ஸ்போர்ட்டையும் பீல்ஸ் தீவையும் கடந்து செல்லச் செல்ல அலையேற்றத்தின் உயரம் கூடுகிறது, ஊர்கள் சிறுக்கின்றன, சுற்றுலாக் கடைகள் மறைகின்றன. கட்லர் துறைக்கு வெளியே, மச்சயாஸ் சீல் என்ற சிறு தீவைச் சுற்றி, அமெரிக்காவும் கனடாவும் ஒருங்கே உரிமை கோரும் கடல் விரிகிறது; சாம்பல் மண்டலம் என்பது அதன் வழக்குப் பெயர். கனடிய மீனவர்கள் 2002 முதல் கோடையிலும் அங்கே கூடு இறக்குகின்றனர். ஒரே பாறையின் மேல் இரு நாட்டுக் கூடுகளும் கிடக்க, ஐந்து அங்குலத்துக்கு மேற்பட்ட சிங்கியை மேய்ன் மீனவர் கடலில் விடுகிறார், மேல்வரம்பு இல்லாத கனடிய மீனவர் அதையே எடுத்து விற்கிறார். அண்மைக் காலத்துப் பெருஞ்சச்சரவும் இதே வேரிலிருந்து கிளைத்தது. 2016-இல் 13 கோடிப் பவுண்டைத் தாண்டி உச்சம் தொட்ட மாநிலத்தின் பிடிப்பு அதன்பின் சரிந்து, 10 கோடிப் பவுண்டுக்கும் கீழே இறங்கியது. மேய்ன் வளைகுடா வேகமாக வெப்பமடைந்துவருவதும் இளஞ்சிங்கிகளின் எண்ணிக்கை கணக்கெடுப்புகளில் குறைந்ததும் கவலையைக் கூட்டின. எனவே குறைந்தபட்ச அளவை மாகாணி அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, உயர்த்துவது என்று அட்லாண்டிக் மாநிலங்களின் கூட்டு ஆணையம் முடிவு செய்தது. தாங்கள் விட்டுவைக்கும் சிங்கியைக் கனடா பிடிக்கும், சிறு சிங்கிக்கான சந்தையும் கனடாவுக்கே போய்விடும் என்று மீனவர்கள் கூட்டங்களில் எதிர்த்தனர். 2025 சனவரியில் மேய்ன் அந்த மாற்றத்தைக் கைவிட்டது. கட்லரின் படகுகளில் தொங்கும் பித்தளை அளவுகோல் மூன்றேகால் அங்குலத்திலேயே நிற்கிறது. பிடிப்பு மேலும் சரிந்தால் ஆணையம் இதே முன்மொழிவுடன் திரும்பி வரும் என்பதையும், அப்போதும் தங்கள் முதல் கேள்வி கனடாவைப் பற்றியதாகவே இருக்கும் என்பதையும் துறையில் எவரும் மறைப்பதில்லை.